விழாமல் வந்த பல்

ஊரில் இருந்த ஆறு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் திடீரென்று ஆபத்தானவர்கள் ஆகிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் வரை அவர்கள் செய்த பெரிய குற்றம் சுவரில் கிறுக்குவதும் செருப்பை மாற்றிப் போடுவதும்தான். இப்போதோ அவர்களால் வியாபாரம் படுத்தது, வேலை போனது, நிச்சயமான கல்யாணம் நின்றது, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பம்பு எரிந்தது. அத்தனையையும் செய்தது அவர்கள் வாயில் கடைசியாக முளைத்த ஒரே ஒரு பல். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் தாடையார்.

தாடையாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. மகானிடம் போய் ஆதார் அட்டையா கேட்பார்கள்? மூடிக்கிடந்த ஒரு டயர் குடோனில் வந்து இறங்கினார். உள்ளே இன்னும் ரப்பர் வாடை போகவில்லை. அதைத் தெய்வீக மணம் என்று சொல்லி மூச்சை இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. வாசலில் ஒரு பேனர்: "உங்கள் பிள்ளைக்கு ஆறு வயதா? வீட்டில் ஏதேனும் விழுந்ததா? உடனே வாருங்கள்."

ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் எதுவுமே விழாமலா இருக்கும்? டம்ளராவது விழுந்திருக்கும். வரிசை குடோனைத் தாண்டி, சந்தைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நீண்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு பேர் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளப்பட்டு உள்ளே போய், வாயைக் காட்டிவிட்டு வந்தார்கள்.

அந்த வரிசையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ்காரர் நின்றிருந்தார்.

அவர் முட்டாள் இல்லை. நன்றாகப் படித்தவர், கணக்குப் போடத் தெரிந்தவர், மெஷினில் காகிதம் சிக்கினால் எந்த உருளையில் சிக்கியது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே கடை வைத்து, நாலு வருஷம் மூச்சுவிட நேரமில்லாமல் ஓட்டினார். பிறகு ஒருநாள் பத்திரப் பதிவு ஆபீஸ் வேறு தெருவில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கடையில் ஈ ஓட்டக்கூட ஆளில்லை. ஈக்களும் ஆபீசோடு போய்விட்டன.

வியாபாரம் ஏன் படுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா? ஆனால் மனிதன் இருக்கிறானே, கண்ணுக்கு எதிரே யானை மாதிரி நிற்கிற காரணத்தை விட்டுவிட்டு, வாய்க்குள் டார்ச் அடித்துத் தேடுவான். அதே மாதம்தான் மகள் குட்டிக்குக் கீழ்த்தாடையின் கோடியில் ஒரு பல் எட்டிப் பார்த்தது. ஒரு பல்லும் விழவில்லை. புதிதாக ஒன்று மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது. பல் தேய்த்துவிடும்போது ஜெராக்ஸ்காரர் அதைப் பார்த்தார், டார்ச்சை எடுத்துவந்து மறுபடியும் பார்த்தார்.

மனைவியிடம் சொன்னார். அவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

"அது கடைவாய்ப் பல்லுங்க. ஆறு வயசுல வரும். என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு இப்ப வந்துகிட்டிருக்கு" என்றார் டீச்சர், பரீட்சைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அவங்க வீட்ல எல்லாம் என்னென்ன நடந்திருக்கோ, உனக்குத் தெரியுமா?"

டீச்சர் தலையைத் தூக்கினார். கணவரைப் பார்த்தார். "உங்க கடை படுத்ததுக்குப் பல்லு காரணம்னா, பதிவு ஆபீச மாத்துனது யாரு? நம்ம குட்டியா கடிச்சு இழுத்துட்டுப் போனா?"

பதில் இல்லாத மனிதன் வாயை மூடிக்கொள்வான், கூடவே முடிவையும் எடுத்துவிடுவான். சனிக்கிழமை குட்டியைக் கிளப்பினார். டீச்சரிடம், "டயர் குடோன்ல பல் முகாம் போட்டிருக்காங்க. ஸ்கூல் முடிஞ்சதும் நீயும் நேரா அங்க வந்துடு" என்றார். தாடையார் என்ற பேச்சே எடுக்கவில்லை. அரைப் பொய்க்கு முழுப் பொய்யைவிட வலிமை அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டீச்சரை வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தாடையாரின் சட்டப்படி பல்லைப் பிடுங்குவதற்கு முன் பெற்ற இருவரும் பிள்ளைக்கு இருபுறமும் நின்று, "இந்தப் பல் எங்களுடையது அல்ல" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் செல்லாது. நாளைக்கு ஏதாவது ஆனால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாதல்லவா? மகானுக்குச் சட்ட அறிவும் இருந்தது.

குடோனுக்குள் நானூறு பேர் இருப்பார்கள். மேடை என்பது அடுக்கிய மரப்பலகைகள். நடுவில் சலூன் நாற்காலி ஒன்று. பக்கத்து மேஜையில் ஒரு டார்ச், ஒரு குறடு, ஈறு மரத்துப்போகத் தடவும் தைலம், பிறகு வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளில் தண்ணீர், தண்ணீரில் பற்கள். குட்டி அவற்றைப் பார்த்துவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்குப் பல்லு வலிக்கவே இல்லயே."

"சும்மா பாக்கத்தான்மா" என்றார் ஜெராக்ஸ்காரர். சொன்ன வாய்க்கே கசந்தது.

தாடையார் மைக்கைப் பிடித்தார். குரல் என்றால் குரல், வெண்ணெயில் இறங்குகிற கத்தி. "மனுஷப் பிள்ளைக்கு எத்தனை பல்லு? இருபது. மேல பத்து, கீழ பத்து. ஒண்ணு விழணும், அந்த எடத்துல ஒண்ணு முளைக்கணும். இது படைப்போட நியாயம். ஒண்ணும் விழாம ஒண்ணு வந்தா என்ன அர்த்தம்? அது வாயில விழ வேண்டியத வீட்ல விழ வெச்சுட்டு வந்திருக்கு. சொல்லுங்க, உங்க வீட்ல என்ன விழுந்துச்சு?"

"வேலை" என்றார் ஒருவர். "மாடிப்படி" என்றார் இன்னொருவர். "மாமியார்" என்று ஒரு பெண் குரல் வந்தது, அதில் துக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை.

தாடையார் ஒரு ஜாடியிலிருந்து பல்லை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். "அடியப் பாருங்க. ஓட்டை. நல்ல பல்லுக்கு வேர் கூர்மையா முடிஞ்சிருக்கும். இதுக்கு முடியல. இந்த ஓட்டை வழியாத்தான் உங்க வீட்டு அதிர்ஷ்டத்த உறிஞ்சுது. இன்னொரு அத்தாட்சி சொல்றேன். நல்ல பல்லு விழுந்தா திரும்ப முளைக்கும். இதப் பிடுங்கினா அந்த எடத்துல ஜென்மத்துக்கும் பல்லு வராது. ஏன்? வேரோட ஒழிச்சாச்சு."

கூட்டம் கையைத் தட்டியது. பிள்ளையின் வாயில் ஆயுள் முழுக்க ஒரு பொக்கை. அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

அடுத்ததாக ஒரு சிறுமி நாற்காலியில் ஏறினாள். பெற்றவர்கள் மூன்று முறை சொன்னார்கள். "எல்லாரும் பலமாத் தட்டுங்க" என்றார் தாடையார். நானூறு பேர் தட்டினார்கள். பிள்ளை வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. எதற்காகத் தட்டச் சொல்கிறார் என்பது ஜெராக்ஸ்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டவனுக்கு எழுந்திருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

"அடுத்து ஜெராக்ஸ் கடை."

குட்டியைத் தூக்கி உட்கார வைத்தார். பிள்ளையின் கால் நாற்காலியின் பாதிக்குக்கூட எட்டவில்லை. தாடையார் டார்ச்சை அடித்து உரக்க எண்ணினார். "மேல பத்து. கீழ... பதினொண்ணு. ஆக மொத்தம் இருபத்தொண்ணு. இருபதுக்கு மேல ஒண்ணு. பாத்துக்குங்க. சொல்லுங்க அப்பா."

"இந்தப் பல் எங்களுடையது அல்ல" என்றார் ஜெராக்ஸ்காரர். இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது குட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தபடி இருந்ததால் அவளால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

"அம்மா எங்க?"

"இங்க இருக்கேன்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. தோளில் பையோடு, விரலில் சாக்பீஸ் தூளோடு டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பல் முகாமைத் தேடி வந்த முகம் வாசல் ஸ்பீக்கரில் கேட்ட பேச்சிலேயே சுருங்கியிருந்தது, குறடைப் பார்த்ததும் இறுகியது. ஜாடிகளைப் பார்த்தது. கடைசியில் கணவரைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு ஜெராக்ஸ்காரர் மேடைப் பலகையின் இடுக்கில் இறங்கிப் போய்விட ஆசைப்பட்டார்.

"சொல்லும்மா. இந்தப் பல் எங்களுடையது அல்ல."

"எங்களுதுதான்" என்றார் டீச்சர்.

இந்தப் பாடத்தை இதுவரை யாரும் தப்பாக ஒப்பித்ததில்லை.

"வீடு விளங்காதும்மா" என்றார் தாடையார், பாதி மிரட்டலும் பாதிப் பரிதாபமுமாக.

"அது எங்க பாடு. ஒரு சந்தேகம் ஐயா. பிள்ளைக்கு இருபது பல்லு, இருபதும் விழுந்து இருபது முளைக்கும், அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் குடும்பத்துக்கு ஆகாது. அப்படித்தானே? வாசல் ஸ்பீக்கர்ல கேட்டேன்."

"அதேதான்."

"அப்ப பெரியவங்க வாயில எத்தனை இருக்கணும்?"

தாடையார் பதில் சொல்ல வாயெடுத்தார். ஏதோ குழி இருப்பது தெரிந்து மூடிக்கொண்டார். ஆனால் கூட்டத்தில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் அவசரப்பட்டுவிட்டார். "இருபதுதான் இருக்கணும்."

"சரி. எல்லாரும் ஆள்காட்டி விரல எடுங்க" என்றார் டீச்சர். ஒன்றாம் வகுப்புக்குச் சொல்கிற அதே குரல். "வாயில விட்டுக்குங்க. மெதுவா எண்ணுங்க. மேல முதல்ல."

இந்த ஜனங்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. யார் அதட்டிச் சொன்னாலும் செய்வார்கள். அதுவரை அந்தப் பழக்கத்தில் தாடையார் பிழைத்தார். இப்போது அதே பழக்கம் டீச்சருக்கு உதவியது. நானூறு பேர் வாயில் விரலை விட்டார்கள். எச்சிலும் முணுமுணுப்புமாக எண்ணினார்கள். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்கள் அதன் வாயையும் எண்ணிப் பார்த்தார்கள். அங்கே சரியாக இருபது. தங்கள் வாய்க்கு வந்தால் இருபதைத் தாண்டியும் விரல் போய்க்கொண்டே இருந்தது. சிலர் பயந்துபோய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள்.

"இருபத்தெட்டு" என்றார் ஒருவர். "எனக்கு இருபத்தொம்பது, நடுவுல ரெண்டு பிடுங்கியாச்சு" என்றார் இன்னொருவர். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த டயர்க்கடைக்காரர், அதாவது குடோனின் சொந்தக்காரர், தாடையாருக்கு இடம் கொடுத்த பக்தர், எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, எனக்கு முப்பது வருது."

"அப்ப பத்து அழைக்காம வந்தது" என்றார் டீச்சர். "உங்களுக்கு என்னங்க விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழலயே. நாலு குடோன் இருக்கு. அஞ்சாவது கட்டிகிட்டிருக்கேன்."

குடோனில் முதல் சிரிப்பு கேட்டது. மூடநம்பிக்கைக்கு முதல் சிரிப்பு என்பது சைக்கிள் டியூபுக்கு முள் மாதிரி.

"அது வேற" என்றார் தாடையார். "பெரியவங்களுக்கு அந்த தோஷம் கழிஞ்சிருக்கும்."

"எப்ப கழிஞ்சுது? யாரு கழிச்சா? இவங்க எல்லாரும் சின்ன வயசுல உங்க நாற்காலியில உக்காந்தாங்களா?" டீச்சர் ஜாடியிலிருந்து ஒரு பல்லை எடுத்தார். "இருபதும் விழும், இருபது முளைக்கும், அது சரி. பால் பல்லு ஒவ்வொண்ணுக்கும் அடியில அடுத்த பல்லு காத்துகிட்டிருக்கும். அதுக்குப் பின்னால தாடை வளர வளர எடம் கிடைச்சு மத்தது வரும். அதுல முதல்ல வர்றது இந்தக் கடைவாய்ப் பல்லு. இதுக்கு முன்னால அந்த எடத்துல எதுவும் இல்ல, அதனால எதுவும் விழல. எங்க ஸ்கூலுக்கு வந்த பல் டாக்டர் எக்ஸ்ரே படம் போட்டே காட்டுனாங்க. குழந்தை பிறக்கிற சமயத்துலயே இது தாடைக்குள்ள உருவாக ஆரம்பிக்குது. என்னங்க..." கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க கடை திறந்தப்ப குட்டிக்கு ரெண்டு வயசு. அப்பவும் இந்தப் பல்லு தாடைக்குள்ள இருந்துச்சு. நாலு வருஷம் ஓடுன கடைக்கு அப்ப ஏன் ஒண்ணும் ஆகல?"

ஜெராக்ஸ்காரர் தாடையாரைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஓட்டை?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்து ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. குரலில் சவால் இல்லை, வேறு ஏதோ இருந்தது.

"வேர் வளர்ந்து முடியலம்மா. பல்லு வெளிய வந்த பிறகு வேர் முடிய இன்னும் மூணு வருஷம் பிடிக்கும். பாதியில பிடுங்கினா ஓட்டையாத்தான் இருக்கும்."

தாடையார் மெதுவாக மேடையின் பின்பக்கம் நகர்ந்தார். டயர்க்கடைக்காரர் வழியை மறித்தார். "எங்க போறீங்க ஐயா? எல்லாரும் எண்ணியாச்சு. நீங்களும் எண்ணிக் காட்டிட்டுப் போங்க. உங்க வாயில இருபது இருந்தா இந்த டீச்சர் சொன்னது பொய்."

நியாயமான பேச்சு. ஆயிரம் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைத்தவர் தன் வாயை இறுக மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். கையை ஆட்டினார். மௌன விரதம் என்று சைகை செய்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மைக்கில் பேசியவர்.

"வாயத் திறங்க, பயப்படாதீங்க" என்று முன்வரிசையில் ஒரு பொடிசு கத்தியது. நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் சொன்ன வாசகம் அது. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

தையல்காரம்மா மேடையேறினார். மருந்து குடிக்க மறுக்கிற பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது பெற்றவளுக்குத் தெரியும். இரண்டு விரலால் தாடையாரின் மூக்கைப் பிடித்தார். அவ்வளவுதான். மகானாக இருந்தாலும் மூச்சு வேண்டுமே. கொஞ்ச நேரம் கண்ணை உருட்டிப் பார்த்தார், பிறகு வாய் பிளந்தது. டயர்க்கடைக்காரர் டார்ச்சை அடித்தார்.

இருபத்தொன்பது இருந்தன. அது போகட்டும். கீழ்த்தாடையில் நடுவிலிருந்து ஆறாவது, குட்டிக்கு வந்திருந்த அதே கடைவாய்ப் பல், பளபளவென்று மின்னியது. சொத்தை விழுந்திருக்கிறது. மகான் அதைப் பிடுங்கி எறிந்தாரா? இல்லை. நல்ல பல் டாக்டராகப் பார்த்துப் போய், வேருக்குச் சிகிச்சை செய்து, மேலே தங்கத்தில் கவசம் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். ஊரான் பிள்ளைக்குக் குறடு, தன் பல்லுக்குத் தங்கம்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. குடோனின் தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். டாக்டருக்குப் படிக்காமல் பிள்ளைகளின் பல்லைப் பிடுங்கியதற்கு என்ன பிரிவு என்று வந்த ஏட்டு யோசித்தார். யோசித்தபடியே தன் வாயிலும் விரலை விட்டு எண்ணிக்கொண்டார்.

தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், என் பொண்ணுக்குப் போன மாசம் பிடுங்குனோம். கீழ ரெண்டு பக்கமும். நானும் அவரும் நின்னு மூணு தடவை சொன்னோம்." ஜாடிகளைப் பார்த்தார். "திரும்ப முளைச்சிடும்ல?"

டீச்சர் கையிலிருந்த பல்லை ஜாடியில் திரும்பப் போட்டார். சிரித்துக்கொண்டிருந்த மற்ற பெற்றோர்களும் பதிலுக்காகத் திரும்பினார்கள். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"முளைக்காதும்மா" என்றார் டீச்சர். "அதுக்கு அடியில வேற பல்லு கிடையாது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மத்த பல்லு சாயாம இருக்க ஏதாவது வழி சொல்வாங்க."

தையல்காரம்மா கழுத்து டேப்பை எடுத்துச் சுருட்டினார். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். ஜெராக்ஸ்காரருக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. குட்டியை நாற்காலியிலிருந்து தூக்கிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தன் மகளும் அப்படி ஆகியிருப்பாள், தானே முன்நின்று ஆக்கியிருப்பேன் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

"அப்பா, அந்தப் பல்லு நம்மளுது இல்லன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள் குட்டி.

"தெரியாம சொல்லிட்டேன்மா."

"கேட்டிருக்கலாம்ல. எனக்குத் தெரியும், அது என்னுது."

மறு வாரம் ஜெராக்ஸ்காரர் பதிவு ஆபீஸ் போன தெருவுக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஏற்கனவே இரண்டு ஜெராக்ஸ் கடைகள் வந்துவிட்டிருந்தன. பிழைப்பு முன்போல் இல்லை, ஆனால் ஓடுகிறது. யாராவது பிள்ளையின் வாயைப் பற்றி அவரிடம் பேசினால், மெஷினின் மூடியைச் சத்தமாகச் சாத்துகிறார்.

தாடையாரின் பேனரைக் கிழித்த இடத்தில் இப்போது வேறு ஒரு பேனர் தொங்குகிறது. காது மடலைப் பார்த்து ஆயுளைச் சொல்கிறவராம். வரிசை பஸ் நிறுத்தம் வரை நிற்கிறது. வரிசையில் நிற்கிற புண்ணியவான்களே, உள்ளே போவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு அவர் சொல்லப்போகும் விதியை முதலில் அவர் காதுக்கே பொருத்திப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடுங்கினால் மறுபடி முளைக்காத உறுப்புகள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கின்றன.